பிரஸ் இல்லாமல் லினோகட்: கறுப்பு கறுப்பாக வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். வீட்டில், அச்சு இயந்திரம் எதுவும் இல்லாமல், லினோகட் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள், அதாவது லினோலியம் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை பூசி, காகிதத்தில் அச்செடுக்கிறீர்கள். செதுக்குவது ஓரளவு கைக்கு வந்துவிட்டது. ஆனால் அச்செடுத்தால் கறுப்புப் பகுதி திட்டுத்திட்டாக வெளுத்துப்போகிறது, மெல்லிய கோடுகள் மையில் மூடிப்போகின்றன. பிரஸ் வாங்கினால்தான் சரியாகுமா, லினோவை மாற்ற வேண்டுமா, இரண்டு மூன்று நிறங்களில் எடுக்க என்ன வழி, பிரதிகளுக்கு எண் போடுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரஸ் தேவையில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளும் பெரும்பாலும் மை, காகிதம், அழுத்தம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் வருபவை. புதிதாகப் பழகுகிறவர்கள் பல நாள் உட்கார்ந்து செதுக்குகிறார்கள், அச்செடுப்பதைக் கடைசியில் சட்டென்று முடித்துவிடும் வேலையாக நினைக்கிறார்கள். கையால் அச்செடுப்பது தனியாகப் பழக வேண்டிய வேலை. 1920களின் பிற்பகுதியில் லண்டன் கிராஸ்வெனர் ஸ்கூல் ஆஃப் மாடர்ன் ஆர்ட்டில் க்ளாட் ஃப்ளைட் லினோகட் கற்றுக்கொடுத்தார். அவரும் அவரைச் சுற்றி உருவான சிபில் ஆண்ட்ரூஸ், சிரில் பவர் போன்றவர்களும் எடுத்த பல வண்ண அச்சுகள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவையெல்லாம் மெல்லிய கீழைநாட்டுக் காகிதத்தில், கையால் தேய்த்து எடுத்தவை. அந்த மெல்லிய காகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் பிளாக்கை, அதாவது செதுக்குகிற லினோத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம். லினோலியம் தரைவிரிப்பாக வந்த பொருள். ஃப்ரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1863இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆளி விதை எண்ணெயைக் காற்றுப்படவைத்துக் கெட்டியாக்கி, அதில் பிசின், தக்கைத் தூள், மரத்தூள், சுண்ணாம்புக்கல் தூள் எல்லாம் கலந்து சணல் துணிமேல் அழுத்திப் படியவைக்கிறார்கள். இந்தச் சேர்மானம் தெரிந்தால் லினோவின் குணம் மொத்தமும் புரிந்துவிடும். மரத்தில் இருப்பதுபோல நார் ஓட்டம் இதில் இல்லை, அதனால் உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வெட்டும். எண்ணெயால் ஆனது என்பதால் சூட்டில் இளகும், குளிரில் இறுகும், வருடக்கணக்கில் கிடந்தால் காய்ந்து பொருபொருவென்று உதிரும். கல்தூள் இருப்பதால் உளியின் கூரை வேகமாகத் தின்றுவிடும்.

வாங்கும்போது சாம்பல் நிற லினோ, சுமார் 3 மி.மீ. கனத்தில், கிடைத்தால் அதையே எடுங்கள். மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் பழைய சரக்கு. கையில் இருப்பது கொஞ்சம் இறுகியிருந்தால் தூக்கிப்போட வேண்டாம், ஹேர் டிரையரால் சூடுகாட்டிவிட்டோ, வெந்நீர்ப் பையின்மேல் சிறிது நேரம் வைத்தோ செதுக்குங்கள், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும். மேற்பரப்பில் மெழுகோ எண்ணெய்ப் பசையோ இருக்கும். 400 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, அப்புறம் மை ஒட்டவில்லை என்று மையைக் குறை சொல்வார்கள். ரப்பர் மாதிரி மெத்தென்ற பிளாக்குகளும் விற்கிறார்கள். வெட்ட எளிது, சின்ன முத்திரைகளுக்கு நல்லது. ஆனால் தேய்க்கும்போது கோடுகள் நசுங்கி நெளிகின்றன, நுணுக்கமான படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பக்கமும் செதுக்கக்கூடிய ஜப்பானிய வினைல் தகடு நல்ல மாற்று. அதைச் சூடுகாட்ட வேண்டிய வேலையும் இல்லை.

உளியில் மூன்று போதும். 1 மி.மீ. அளவில் ஒரு ‘வி’ வடிவ உளி, 3 மி.மீ. அளவில் ஒரு ‘யு’ வடிவ உளி, பெரிய வெள்ளைப் பகுதிகளை அள்ளி எடுக்க அகலமான ‘யு’ ஒன்று. இருபது முனை உள்ள மலிவான பெட்டியைவிட நல்ல எஃகில் செய்த இரண்டு உளி எவ்வளவோ மேல். அதைவிட முக்கியம் கூர். ஒரு தோல் பட்டையை மரத்துண்டில் ஒட்டி, பாலிஷ் பசை தடவி, அரை மணிக்கு ஒரு தடவை உளியை அதில் பின்னோக்கி இழுத்துத் தீட்டுங்கள். ‘வி’ உளிக்கு இரண்டு வெளிப்பக்கமும், ‘யு’ உளிக்கு மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே முழு வளைவும் தோலில் பட வேண்டும். உள்பக்கத்தில் நிற்கும் பிசிரை மடித்த தோலின் ஓரத்தால் எடுத்துவிடலாம். கூர் போன உளி லினோவை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த ஓரத்தில் மை ஒழுங்காக நிற்காது, கோடு மூடிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். விபத்து நடப்பதும் கூரில்லாத உளியில்தான். அழுத்தம் கூடக்கூட அது வழுக்கிக்கொண்டு போகும். பிளாக்கைப் பிடித்திருக்கும் கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருக்கட்டும். மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி மேலும் கீழுமாகச் சட்டம் அடித்த ஒரு பலகையை வைத்துக்கொண்டால் பிளாக் நகராது, அந்தக் கைக்கும் வேலை குறையும்.

செதுக்கலில் நீங்கள் தேறிவிட்டதாகச் சொன்னதால் அச்செடுப்பைப் பாதிக்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன். உளியை நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள். 1 மி.மீ. ஆழம் பெரும்பாலான கோடுகளுக்குப் போதும், சணல் துணி தெரியும்வரை தோண்ட வேண்டியதில்லை. கோட்டின் சுவர் வெளிநோக்கிச் சரிந்து இறங்க வேண்டும். மேலே மெலிந்தும் அடியில் அகன்றும் நிற்கிற கறுப்புக் கோடு பல பிரதிகளுக்குத் தாங்கும். அடியைக் குடைந்துவிட்டால் தேய்க்கும்போது ஓரம் ஒடிந்து விழும். வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் பிளாக்கைத் திருப்புங்கள்.

வடிவமைப்பும் அச்செடுப்போடு சேர்ந்ததுதான். லினோவில் நீங்கள் தொடுகிற இடமெல்லாம் வெள்ளையாகும், தொடாத இடம் கறுப்பு. வெள்ளைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்த படத்தை அப்படியே மாற்றினால், ஒவ்வொரு கறுப்புக் கோட்டுக்கும் இருபுறமும் வெட்டி அதைத் தனியாக நிற்கவைக்க வேண்டியிருக்கும். பாடு அதிகம், விளைவு குறைவு. கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலால் வரைந்து பழகுங்கள். ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையையொட்டிச் செய்த காந்தியின் லினோகட்டைப் பார்த்திருப்பீர்கள். கைத்தடியோடு நடக்கும் காந்தி, பின்னால் முழுக் கறுப்பு, உருவம் வெள்ளைக் கோடுகளில் எழும்புகிறது. எத்தனை குறைவான வெட்டுகளில் ஒரு மனிதரின் நடை வந்துவிடுகிறது என்பதை அந்தப் படத்தில் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். கறுப்பை அப்படியே விடும் துணிச்சல் அதில் இருக்கிறது.

கையால் எடுக்கிறவர்களுக்கு இங்கே இரண்டு எச்சரிக்கை. உள்ளங்கையைவிடப் பெரிய வெற்றுக் கறுப்பு ஒரே சீராக வருவதற்குத் தேய்ப்பு நிறைய வேண்டும். தொடக்கத்தில் அங்கங்கே சில வெட்டுகளோ புள்ளிகளோ போட்டு அதை உடைத்துவிட்டால் சின்ன ஏற்றத்தாழ்வு கண்ணில் படாது. அதேபோல் மிகப் பெரிய வெள்ளை வெளியில் காகிதம் தொய்ந்து அடியில் ஒட்டியிருக்கும் மையைத் தொட்டுவிடும். அங்கே ஆழமாக எடுங்கள். சுத்தமாக எடுத்தும் சில உளித்தடங்கள் அச்சில் விழும். அவை படத்துக்கு உயிர் கொடுத்தால் விட்டுவிடலாம், ஆனால் தெரிந்து விட வேண்டும். வெட்டும் திசை உருவத்தின் போக்கோடு இருந்தால் அந்தத் தடங்கள் அழகாகவே இருக்கும்.

படம் வலது இடமாக மாறும் என்பது தெரிந்ததுதான், எழுத்து இருந்தால் மட்டும் கூடுதல் கவனம். டிரேசிங் பேப்பரில் வரைந்து, தாளைத் திருப்பிப்போட்டு, கார்பன் தாள் வைத்துப் பிளாக்கில் இறக்குங்கள். அதன்மேல் நிரந்தர மார்க்கரால் வரைந்துவிட்டு, மெல்லிய வண்ணக் கரைசல் ஒரு பூச்சு கொடுத்தால் வெட்டிய இடம் வெளிர் நிறத்தில் தெளிவாகத் தெரியும். அச்சு எப்படி வரும் என்பது செதுக்கும்போதே தெரிந்துவிடும்.

சரி, இப்போது மைக்கு வருவோம்.

நீங்கள் பயன்படுத்துவது தண்ணீர் மையாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வெப்பமான அறையில் அது சில நிமிடங்களிலேயே ரோலரிலும் பிளாக்கிலும் காய ஆரம்பித்துவிடும். காகிதத்தை வைத்துத் தேய்த்து முடிப்பதற்குள் பாதி காய்ந்திருக்கும், கறுப்பு திட்டுத்திட்டாகும். அடுத்த பிரதிக்கு மேலும் மை பூசும்போது, கோட்டுக்குள் காய்ந்து தங்கியது கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்ந்து கோட்டை மூடும். உங்கள் இரண்டு கோளாறுகளும் ஒரே காரணத்தால் வரலாம் என்பது இதனால்தான். எண்ணெய் மை மெதுவாகக் காயும், நிதானமாகத் தேய்க்க நேரம் கொடுக்கும், நிறமும் ஆழமாக இருக்கும். நாற்றமடிக்கும் கரைப்பான்களுக்குப் பயந்தால், சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய எண்ணெய் மைகள் இருக்கின்றன. கிரான்ஃபீல்ட் நிறுவனத்தின் காலிகோ சேஃப் வாஷ் அந்த வகை. கையால் எடுப்பவர்களுக்கு இன்று இருப்பதில் இந்த வகை மையே மிக வசதியானது என்பது என் கருத்து.

மையைக் கண்ணாடித் தகட்டில் வையுங்கள், ஓரங்களில் டேப் ஒட்டி. சுண்டைக்காய் அளவில் தொடங்குங்கள், முழுக் குழாயையும் பிதுக்க வேண்டாம். பேலட் கத்தியால் முதலில் நன்றாகக் குழையுங்கள். இறுகியிருக்கும் மை குழையக் குழைய இளகும். பிறகு ஒரு ஓரத்தில் பட்டையாக இழுத்துவிட்டு, அதிலிருந்து ரோலரால் கொஞ்சமாக எடுத்துத் தகட்டில் பரப்புங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ரோலரைத் தூக்கி எடுத்து மறுபடி வையுங்கள், அது தானாகச் சுழன்று வேறு இடம் தகட்டில் படும். முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டே இருந்தால் ஒரே இடம் ஒரே இடத்தில்தான் படும்.

மை சரியான அளவில் இருக்கிறதா என்பதைக் காதாலேயே சொல்லிவிடலாம். சன்னமாகச் சீறுகிற சத்தம் சீராக வந்தால் சரி. பிசுக் பிசுக்கென்று ஒட்டிப் பிரிகிற சத்தம் வந்தால் மை அதிகம், தகட்டிலிருந்து கொஞ்சம் வழித்து எடுத்துவிடுங்கள். கண்ணுக்கு மைப்பரப்பு மிக நுண்ணிய, ஒரே அளவான புள்ளிகளாகத் தெரிய வேண்டும். மேடும் பள்ளமுமாக, நூல் நூலாக எழும்பி நின்றால் அதுவும் அதிகம்தான். பிளாக்குக்கும் இதே விதி. ஒரேயடியாகத் தடித்துப் பூசாமல், மெல்லிய பூச்சாக நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் திசையை மாற்றி. ரோலரை அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும். அழுத்தினால் ரப்பர் கோட்டுக்குள் இறங்கும். நுணுக்கமான கோடுகள் இருந்தால் கடினமான ரோலர் நல்லது, மென்மையானது பள்ளத்தில் புகுந்துகொள்ளும்.

வெயில் காலத்தில் எண்ணெய் மை தளர்ந்து ஓடும். அப்போது கொஞ்சம் மெக்னீசியம் கார்பனேட் தூளைச் சேர்த்துக் குழைத்தால் இறுகும். கடுங்குளிரில் இறுகிப்போனால் அதற்கென விற்கும் ஆளி விதை எண்ணெயில் ஓரிரு சொட்டு. இரண்டையும் முதல் நாளே கலக்க வேண்டியதில்லை. குழாயிலிருந்து வரும் மையை அப்படியே பழகிவிட்டு, தேவை தெரிந்த பிறகு சேருங்கள்.

அப்புறம் காகிதம். கனமான காகிதம் உயர்ந்தது என்ற எண்ணத்தில் 250, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வாட்டர்கலர் தாளை வாங்கி, அதில் கரண்டியால் தேய்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் ஏராளம். அந்தத் தாளில் நன்றாக அச்செடுக்கப் பிரஸ்ஸின் பெரிய அழுத்தம் வேண்டும். அதன் சொரசொரப்பின் மேடுகள் மட்டும் மையைத் தொடும், பள்ளங்கள் வெள்ளையாகவே இருக்கும். உங்கள் கறுப்பு முழுக்க வெள்ளைப் பொடி தூவியதுபோல இருக்கிறதென்றால் பெரும்பாலும் காகிதம்தான் காரணம். கைக்கு ஏற்றது 30 முதல் 70 ஜிஎஸ்எம் வரையிலான, நீண்ட நாருள்ள, வழவழப்பான காகிதம். மல்பெரிப் பட்டை நாரில் செய்யும் கோசோ வகை, ஹோஷோ, கிடாகாட்டா, நேபாளத்து லோக்தா எல்லாம் இதில் சேரும். மெல்லியதாக இருந்தாலும் நார் நீளமாக இருப்பதால் எளிதில் கிழியாது. கனமான தாள்தான் வேண்டுமென்றால் லேசாக ஈரப்படுத்தி, இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, மேற்பரப்பில் நீர் மினுக்காத நிலையில் பயன்படுத்துங்கள். ஈரம் நாரை இளக்கும், மையை வாங்கிக்கொள்ளும். பயிற்சிக்கு வழவழப்பான சாதாரண வரைதாளே போதும்.

மெல்லிய காகிதத்துக்கு இன்னொரு பெரிய வசதி. தேய்க்கும்போதே மை பின்பக்கம் நிழலாகத் தெரியும். எங்கே அழுத்தம் விழுந்தது, எங்கே விழவில்லை என்பதைத் தூக்கிப் பார்க்காமலே படிக்கலாம்.

தேய்ப்பதற்கு ஜப்பானிய பாரன் இருந்தால் நல்லது. மூங்கில் உறையால் மூடிய வட்டமான தட்டு அது. இல்லாவிட்டால் மரக் கரண்டியின் முதுகு. இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். சிறிய பரப்பில் அழுத்தம் குவியும் என்பதால், தட்டையான பாரனைவிடக் கரண்டி கூடுதலாகவே அழுத்தும். கரண்டியின் முதுகை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள்.

காகிதத்தை வைத்ததும் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரம்வரை நீவுங்கள், அது ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஒரு பேக்கிங் பேப்பர் போடுங்கள், கரண்டி வழுக்கிக்கொண்டு போகும், அச்சுத்தாள் நையாது. பிறகு நடுவிலிருந்து தொடங்கிச் சின்னச் சின்ன வட்டமாக, ஒரு வட்டம் அடுத்ததன்மேல் பாதி ஏறும்படி தேயுங்கள். தோளிலிருந்து எடை இறங்கட்டும், விரல்களால் அழுத்தினால் சீக்கிரமே வலிக்கும். உள்ளங்கையைப்போல இரண்டு மடங்கு பிளாக்குக்குப் பத்து நிமிடம் தாராளமாக ஆகும். அந்த நேரத்தைக் கொடுங்கள். முடிந்ததாகத் தோன்றியதும் பாதிக் காகிதத்தை ஒரு கையால் அசையாமல் அமுக்கிக்கொண்டு மறுபாதியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் இறக்கிவிட்டு அங்கே மட்டும் மறுபடி தேய்க்கலாம். மையே குறைவாக இருந்தால், தூக்கிய நிலையிலேயே அந்தப் பகுதிக்கு ரோலரால் மை கொடுத்துவிட்டு மறுபடி இறக்கலாம். பிரஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்காத சலுகை இது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். புது பிளாக்கில் முதல் இரண்டு மூன்று பிரதிகள் வெளுத்துத்தான் வரும். லினோ மையை வாங்கிக்கொள்ள நேரம் எடுக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுக் காகிதத்தையோ மையையோ மாற்றாதீர்கள். நான்காவதைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

அதற்குப் பிறகும் கோளாறு இருந்தால் அச்சே காரணத்தைச் சொல்லும். படம் முழுக்க ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் மை போதவில்லை அல்லது காகிதம் சொரசொரப்பு. பிரதிக்குப் பிரதி இடம் மாறி வெளுத்தால் உங்கள் தேய்ப்பு சீராக இல்லை. எல்லாப் பிரதியிலும் அதே ஒரு இடம் மட்டும் வெளுத்தால் லினோவில் அந்த இடம் பள்ளமாக இருக்கிறது. பிளாக்கின் அடியில், அந்த இடத்துக்கு நேராக, கிழித்த மெல்லிய தாள் ஒன்றிரண்டு ஒட்டி உயர்த்திவிடுங்கள். ஓரத்தை வெட்டாமல் கிழித்தால் உயரம் படிப்படியாக இறங்கும். கறுப்பில் புழு ஊர்ந்த மாதிரி நெளிகோடுகள் தெரிந்தால் மை கனம். கோட்டின் ஓரத்தில் இரட்டை நிழல் விழுந்தால் காகிதம் நகர்ந்திருக்கிறது. கோடு மூடிப்போயிருந்தால் உடனே கழுவ ஓட வேண்டாம். மை பூசாமல் பழைய செய்தித்தாளில் இரண்டு மூன்று தடவை அச்செடுங்கள், தேங்கிய மையை அது இழுத்துவிடும். போகாததை மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுங்கள். அடுத்த தடவை பாதி மையில் தொடங்குங்கள்.

உங்களிடம் இருக்கிற அதே பிளாக்கை வைத்து ஒரு மாலை முழுக்கச் சோதனை செய்து பாருங்கள். மூன்று வகைக் காகிதம், ஒவ்வொன்றிலும் குறைந்த மை, நடுத்தர மை, அதிக மை என்று ஒன்பது அச்சு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் என்ன காகிதம், எத்தனை தடவை ரோலர் ஓட்டினீர்கள் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். புதுப் பிளாக் செதுக்குவதற்கு முன் இதைச் செய்வது முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த ஒன்பது தாளும் பிற்பாடு உங்களுக்கு அகராதி மாதிரி பயன்படும்.

இனி நிறம். இரண்டு வழிகள் இருக்கின்றன. நிறத்துக்கு ஒரு பிளாக் என்று தனித்தனியாகச் செதுக்குவது ஒன்று. இதில் முக்கியமான பிளாக்கை முதலில் முடித்து, அதில் மை கொஞ்சம் தாராளமாகப் பூசி, வழவழப்பான பிளாஸ்டிக் தாளில் ஒரு அச்செடுங்கள். மை ஈரமாக இருக்கும்போதே அந்தத் தாளை அடுத்த லினோவின்மேல் கவிழ்த்துத் தேய்த்தால் படம் அச்சுப் பிசகாமல் அங்கே இறங்கிவிடும். அதைப் பார்த்து எந்த இடத்தில் எந்த நிறம் என்று தீர்மானித்துச் செதுக்கலாம்.

மற்றது ஒரே பிளாக்கைக் குறைத்துக்கொண்டே போவது. வெள்ளையாக இருக்க வேண்டியதை மட்டும் வெட்டி எல்லாப் பிரதிகளையும் வெளிர் மஞ்சளில் எடுக்கிறீர்கள். அப்புறம் மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களை அதே பிளாக்கில் வெட்டி, எல்லாத் தாளிலும் ஆரஞ்சு. இப்படியே கடைசியில் கறுப்பு. 1950களின் கடைசியில் தெற்கு பிரான்சின் வல்லோரிஸ் ஊரில் அச்சுக்காரர் ஹிடால்கோ ஆர்னேராவோடு சேர்ந்து பிக்காசோ இந்த முறையில் வேலை செய்தார், அவரால்தான் இது பரவலாகத் தெரியவந்தது. பிளாக் படிப்படியாக அழிந்துகொண்டே போவதால் திரும்பிப்போக வழியில்லை. எத்தனை பிரதி வேண்டும் என்பதை முதல் நிறத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். பத்து வேண்டுமென்றால் பதினைந்து தாளில் தொடங்குங்கள், நடுவில் சில வீணாகும். ஒவ்வொரு பூச்சும் மிக மெல்லியதாக இருக்கட்டும், மையில் நிறமற்ற எக்ஸ்டென்டர் (நிறத்தை வெளிறச் செய்யும் பசை) கலந்துகொள்ளுங்கள். அடியில் தடித்த மை இருந்தால் நான்காவது நிறம் வழுக்கும், பளபளக்கும். ஒரு நிறம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே அடுத்தது. மையையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்து அதற்கு இரண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். முதல் முயற்சிக்கு மூன்று நிறம் போதும்.

இரண்டு முறைக்கும் தாள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு பலகையில் பிளாக்கின் மூலை பொருந்தும்படி லினோவின் கனத்துக்குச் சமமான அட்டையை ‘எல்’ வடிவில் ஒட்டுங்கள். அந்த அட்டையின்மேல் காகிதத்தின் மூலைக்காக இன்னொரு சின்ன ‘எல்’. பிளாக் முதல் மூலையில், காகிதம் இரண்டாவது மூலையில். இதை ஒழுங்காகச் செய்தால் அரை மி.மீ. கூடப் பிசகாது. காகிதங்கள் எல்லாம் நேர்மூலையாக, ஒரே அளவாக வெட்டியிருக்க வேண்டும், பிசகுக்குப் பாதிக் காரணம் கோணலான தாள்.

எண் போடுவது சுலபம். படத்துக்குக் கீழே பென்சிலால், இடது பக்கம் பின்னமாக. 3/12 என்றால் மொத்தம் பன்னிரண்டு பிரதிகளில் இது மூன்றாவது. நடுவில் தலைப்பு, வலது பக்கம் கையொப்பம். கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சில பிரதிகளில் எண்ணுக்குப் பதிலாக ஏ/பி (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று எழுதுவார்கள், பொதுவாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள். மொத்த எண்ணிக்கையை அறிவித்துவிட்டால் பிறகு அதைக் கூட்டக் கூடாது. வாங்குகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு அது. எண்ணிட்ட பிரதிகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். கையால் எடுக்கும்போது சின்ன வித்தியாசம் இயல்பு, ஆனால் நிறமோ காகிதமோ மாறினால் அதே வரிசையில் சேர்க்காமல் தனியாகக் குறிப்பிடுங்கள்.

சுத்தம் செய்வதில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எண்ணெய் மையை முதலில் உலர்ந்த துணியால் வழித்துவிட்டு, கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, கடைசியாகச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் எடுத்தால் போதும், பிளாக்கைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், சணல் துணி உப்பிப் பிளாக் வளைந்துவிடும். கழுவக்கூடிய மை என்றால் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். ஆளி விதை எண்ணெய் மை துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளியிடும், குவியலில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றியிருக்கிறது. துணிகளை வெளியில் ஒற்றையாக விரித்து முழுக்கக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் போட்டுவையுங்கள். பிளாக்கைத் துடைத்து உலரவைத்த பிறகு, செதுக்கிய பக்கத்தில் ஒரு வெற்றுத்தாள் வைத்து, வெயில் படாத இடத்தில் தட்டையாகப் படுக்கவையுங்கள். ரோலரை ரப்பர் தரையில் படும்படி நிறுத்தினால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், அதைக் கொக்கியில் தொங்கவிடுங்கள்.